மச்சானின் வலது முட்டி

கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சன்னலை முழுதாகத் திறக்கவும் விடவில்லை, மூடவும் விடவில்லை. புழுதியெல்லாம் என் முகத்துக்குத்தான் வந்தது. மரக்காணத்தைத் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை என்பதை ஓட்டுநர் ஏதோ நல்ல செய்தி போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் என் கோபம் பஸ்மேல் இல்லை, மச்சான் ஜெயசீலன்மேல்.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் வேலை, வார இறுதியில் உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். என் மனைவி ஸ்டெல்லா கடலூர் செம்மண்டலத்துப் பெண். அவளுடைய ஒரே தம்பி ஜெயசீலன் பதினைந்து வயதில், 2004இல், அரசு விளையாட்டு விடுதிக்குப் போனவன். அங்கிருந்து கோவாவின் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது. இருபது வயதில் அந்தக் கிளப்பின் முதல் அணியில் நடுக்களத்தில் ஆடினான். கடலூர் மாவட்டத்திலிருந்து அந்த அளவுக்குப் போன இன்னொருவனை எனக்குத் தெரியாது. போன சீசன் முடிந்ததும் கிளப் அவனை விட்டுவிட்டது. காரணம் கேட்டால், கோச் மாறிவிட்டார் என்றான். நம்பினோம்.

சிங்கப்பூரில் ஒரு கிளப்பில் என் பழைய நண்பன் துணைக் கோச். சீலன் ஆடிய வீடியோக்களை அனுப்பிவைத்தேன். பார்த்துவிட்டு, மார்ச் மாதம் தேர்வுக்கு அழைத்துவா என்றான். அந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து சீலன் ஃபோனை எடுக்கவில்லை. பிறகு ஃபோனே அணைந்துவிட்டது. ஸ்டெல்லா நிறைமாதம். அதனால் 2012 பிப்ரவரியில் விடுப்புப் போட்டுவிட்டு நான் கிளம்பினேன்.

செம்மண்டலத்து வீட்டில் மின்சாரம் இல்லை. தமிழ்நாடு முழுக்க அப்போது அப்படித்தான். எங்கள் ஊரில் பத்து நிமிடம் கரண்ட் போனால் மனு எழுதுவார்கள். இங்கே அத்தை, என் மாமியார், கையில் விசிறியோடு இயல்பாகச் சமைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்திலிருந்து காலையில் வந்த வஞ்சிரத்தை வறுத்துப் போட்டார். அப்படி ஒரு மீனை நான் கிள்ளானில் தின்றதில்லை. அதைச் சொல்லிப் பாராட்டும் மனநிலையிலும் இல்லை.

சீலன் எங்கே என்று கேட்டேன். வருவான் மாப்ள என்றார். எப்போது என்றேன். இன்னொரு துண்டு மீன் வைத்தார். கடைசியில், சிதம்பரத்தில் நண்பன் அறையில் தங்கிப் பயிற்சி எடுக்கிறான், சிங்கப்பூருக்காகத்தான் என்று இழுத்தார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. மாமனார் எங்கே என்றால், காடாம்புலியூர்த் தோப்பில். டிசம்பர் கடைசியில் அடித்த புயலிலிருந்து அவர் வீட்டுக்கே ஒழுங்காக வருவதில்லையாம்.

மறுநாள் காடாம்புலியூர் போனேன். பண்ருட்டி தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒன்றிரண்டல்ல, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். சிவப்பு மண் பிடித்த வேர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. பின் சீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், இப்போது கன்று வைத்தால் அது காய்ப்பதற்குள் என் மகளுக்கே மகள் பிறந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லாத குரல்.

மாமனார் விழுந்த மரங்களுக்கு நடுவே, ரம்பத்தோடு இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். தோப்பில் நிமிர்ந்து நின்றது ஒரு பலா மட்டும்தான். அதிலும் பாதிக் கிளை இல்லை. வாங்க மாப்ள என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லாவைப் பற்றிக் கேட்டார். பிறகு, சீலன் சிங்கப்பூர் போவதைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். அதை நினைத்துக்கொண்டால்தான் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்றார்.

அவர் மகன் ஆடி ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், அதை விட்டால் தோப்பு. கோவா ஆட்டங்கள் டிவியில் வந்தபோதும், சின்னச் சின்ன ஆளா ஓடுறானுவ, எவன் நம்ம புள்ளன்னே தெரியல என்று எழுந்து போய்விடுவாராம். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. பலாக்கொட்டை போட்ட குழம்பைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் சிதம்பரம். புதுச்சத்திரம் அருகே பஸ் நின்றுவிட்டது. இறங்கி நின்றோம். கண்டக்டர் எல்லாரையும் தள்ளச் சொன்னார். மூட்டை முடிச்சோடு நின்ற பெரியவர் ஒருவர், டிக்கெட்டும் எடுத்து வண்டியும் தள்ளணும்னா எனக்குச் சம்பளம் குடு என்று கண்டக்டரிடம் வாதாடினார். நான் அவர் பக்கம். ஆனாலும் தள்ளினேன். என் வெள்ளைச் சட்டை போயே போய்விட்டது.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சுவும் சாப்பிட்டேன். கோபத்தில் இருப்பவனுக்கு அந்தக் கொத்சுவைப் போடவே கூடாது. மூன்றாவது முறை கேட்டு வாங்கும்போது, எதற்காக ஊருக்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. ரயிலடிப் பக்கம் விசாரித்து நண்பனின் அறையைக் கண்டுபிடித்தேன். அந்தப் பையன் கதவைப் பாதி திறந்து, சீலன் காட்டுமன்னார்கோயிலில் மில்காரர் வீட்டில் இருக்கிறான், இன்று சாயங்காலம் அங்கே செமிஃபைனல் என்றான். என்ன செமிஃபைனல் என்றேன். செவன்ஸ் என்றான்.

செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். ஊர்த் திடலில் ஆடுவது. ஊருக்கு ஒரு பெரிய மனிதர் அணி வைத்திருப்பார். வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூலிக்கு இறக்குவார். மேடு பள்ளமும் கல்லும் நிறைந்த தரை. மோதினால் கேட்க ஆளில்லை. சிங்கப்பூர்த் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லாத ஒரு தொழில்முறை ஆட்டக்காரன் அங்கே கால் வைப்பானா?

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போனேன். வீராணம் ஏரிக்கரை மேல் பஸ் போகும்போது எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திடல் ஒரு நெல் மில்லுக்குப் பின்னால் இருந்தது. மைக்கில் யாரோ விடாமல் கத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு டிராக்டரின் மறைவில் பெஞ்சு போட்டிருந்தது. அதன்மேல் சீலன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது முட்டி பலாப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. ஒரு ஆள், டாக்டர்கூட இல்லை, வெறும் கம்பவுண்டர், அந்த முட்டியின் ஓரத்தில் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். சீலன் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பழகிப்போனவன் முகம் அது.

நான் கம்பவுண்டரின் கையைத் தட்டிவிட்டேன். ஊசி புழுதியில் விழுந்தது. பாதி மருந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தது.

சீலன் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டான். எழுந்து நிற்கப் போனவன் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நீங்க எப்ப வந்தீங்க?"

அந்த நல விசாரிப்புதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அணியை வைத்திருந்த மில்காரர் ஓடி வந்தார். கதர்ச் சட்டை, ஜவ்வாது மணம், மரியாதையான ஆள். அவரையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க வெளிநாடு. இங்க ஒரு பையனக் கூட்டம் தோள்ல தூக்கிக்கினு சுத்துதுன்னா அது அவன் செஞ்ச புண்ணியம். நான் வற்புறுத்தல. அவனக் கேளுங்க."

சீலனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு பட்டையை முட்டியில் சுற்றிக்கொண்டிருந்தான். விசில் ஊதினார்கள். போய்விட்டான்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவனே தேடிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். ஜெயித்துவிட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னான்.

கோவாவில் கடைசி சீசனின் நடுவிலேயே முட்டிக்குள் ஏதோ கிழிந்துவிட்டது. கிளப் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை, சுளுக்கு என்றார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மரத்துப்போகும் ஊசி. சீசன் முடிய, அணி கீழ் வரிசைக்கு இறங்காமல் தப்பிக்க, அவன் வேண்டும். தப்பித்தார்கள். பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள்: ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது, உள்ளே எலும்பும் தேய ஆரம்பித்துவிட்டது, நீ போகலாம். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மாமா. அதுக்குள்ள நீங்க சிங்கப்பூர்னு சொல்லிட்டீங்க. அக்கா அன்னிக்கே அப்பாவுக்கு ஃபோன் போட்டுச்சு. அப்பறம் புயல் வந்து தோப்பு போச்சு. அப்பா அந்த ஒண்ணத்தான் புடிச்சிக்கினு இருக்காரு. அத நான் எப்புடி மாமா புடுங்குவேன்?"

"அதுக்காக இந்தக் கல்லுத் தரையில ஆடி மிச்சத்தையும் ஒடச்சுக்குவியா?"

அவன் முட்டியில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்தான். பிறகு, எப்படியும் போகிற கால்தானே மாமா, போகிற வரைக்கும் ஆடிவிட்டுப் போகட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஃபைனல், அதோடு சரி என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கோவாவுக்குப் போய் யாரையாவது அறைய வேண்டும்போலவும் இருந்தது.

இரண்டாவதை ஃபோனில் செய்து பார்த்தேன். மறுநாள் சிதம்பரத்தில் ஒரு கடையிலிருந்து அந்தக் கிளப்பின் மேலாளரைப் பிடித்தேன். வழவழப்பான ஆங்கிலம். அவர் சொன்னதன் சாரம் இது: நல்ல பையன் சார், எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவர் இப்போது எங்கள் ஆட்டக்காரர் இல்லையே. ஸ்கேனைப் பற்றிக் கேட்டேன். மருத்துவ விஷயங்களை ஃபோனில் பேசுவது எங்கள் வழக்கமில்லை என்றார். ஊசி போடுவது வழக்கமா என்றேன். லைன் கட்டாகிவிட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

அன்று மதியமே காடாம்புலியூருக்குப் போய் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீலனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். எல்லாரும் எல்லாரையும் காப்பாற்றுகிறோம் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பத்தில், யாராவது ஒருத்தன் கெட்டவன் ஆகத்தான் வேண்டும்.

மாமனார் புதிதாக நட்டிருந்த கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கிற வரையில் குடத்தைக் கீழே வைக்கவில்லை. பிறகு எஞ்சிய கன்றுகளுக்கும் ஊற்றி முடித்தார். ஃபைனல் எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்.  வெள்ளாற்றுப் பாலத்தில் நெரிசலில் பஸ் வெகு நேரம் நின்றபோது, இறங்கி நடக்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான்.

திடலில் பெருங்கூட்டம். எங்களுக்குக் கயிற்றோரம் இடம் கிடைத்தது. எதிரே மில்காரரின் ஆட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். கம்பவுண்டர் பையோடு நின்றார். சீலன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தவன் அப்பாவைப் பார்த்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போனது இங்கிருந்தே தெரிந்தது. மாமனார் கையை ஆட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை. கம்பவுண்டர் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார். சீலன் காலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். ஊசி இல்லாமலே உள்ளே போனான்.

நான் நிறைய ஆட்டங்களுக்கு விசில் ஊதியிருக்கிறேன். அன்று பார்த்ததுபோல் ஒரு நடுக்கள ஆட்டத்தை ஏதோ ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவனால் ஓட முடியவில்லை. ஓடவேயில்லை. நடு இடத்தில் நின்றான். பந்து வருவதற்கு முன்பே, அது எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தொடுகை, அவ்வளவுதான். மூன்று பேரைத் தாண்டிப் பந்து தன் ஆள் காலுக்குப் போய்விடும். எதிரணிப் பையன்கள் அவனைச் சுற்றி ஓடிக் களைத்தார்கள். எங்கள் பின்னால் ஒருவன் தன் நண்பனிடம், பார்றா, அவன் ஓடவே மாட்டேங்குறான், பந்துதான் அவனத் தேடிக்கினு வருது என்று வியந்தான்.

மாமனார் என் காதருகே குனிந்து, நம்ம கோல் எந்தப் பக்கம் மாப்ள என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சீலன் கொடுத்த பந்தில் எதிரணிக்குக் கோல் விழுந்தது. கூட்டம் எழுந்து ஆடியது. மாமனார் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்தது பந்தை இல்லை. ஒவ்வொரு தொடுகைக்குப் பிறகும் மகன் இடது காலில் சாய்ந்து மூச்சு வாங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். யாரும் மோதவில்லை. சீலன் திரும்பினான், வலது கால் அவனோடு திரும்பவில்லை. விழாமல் சமாளித்து நின்றான். மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மில்காரர் எல்லைக் கோட்டுக்கே வந்து, இன்னும் பத்து நிமிசம்டா சீலா, சமாளி என்றார். சீலன் அவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கையைத் தூக்கி ஆள் மாற்றச் சொன்னான். கூடாரத்துக்குப் போகாமல் நேராக எங்கள் பக்கம் நடந்து வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அப்பா" என்றான். 

மாமனார் குரலை உயர்த்தவில்லை. "தோப்பு வுழுந்துச்சு. புயல் அடிச்சுது, வுழுந்துச்சு. அது யார் கையிலயும் இல்ல. உன்ன யார்ரா அடிச்சா?"

சீலன் அழுதான். கூட்டத்துக்கு நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாமனார் கயிற்றைத் தூக்கி அவனை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மில்காரர் வந்து, கோப்பை போய்விடும் என்று தொடங்கினார். மாமனார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கோப்பை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தப்பட முடியவில்லை.

மறுநாளே புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்தபோதும் எனக்குக் கோபம் தணியவில்லை. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், இந்த முட்டியோடு யார் இவரை ஆட விட்டது என்று கேட்டார். அதைத்தான் சார் நானும் கேட்கிறேன் என்றேன். அடிபட்ட உடனே, போன வருடமே வந்திருந்தால் ஆட்டத்துக்கே திரும்பியிருப்பார். இப்போது அறுவை செய்தால் நன்றாக நடக்கலாம், மெதுவாக ஓடலாம், போட்டி ஆட்டம் முடியாது என்றார். சீலன் தலையாட்டினான். அவனுக்கு முன்பே தெரிந்த செய்திதான். மாமனார்தான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

சிங்கப்பூர் நண்பனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவன், அந்த வீடியோவை நான் எங்கள் பையன்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். அதைச் சீலனிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தான்.

அறுவைக்கு மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் யாரோ என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது. ஸ்டெல்லாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வாரம் என்னோடும் பேசவில்லை, தம்பியோடும் பேசவில்லை. பிறகு பெண் குழந்தை பிறந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் சீலன் கூப்பிட்டான். கம்பில்லாமல் நடக்கிறான். கடலூரில் விட்ட படிப்பைத் தொடர்கிறான். பேச்சுவாக்கில், பழைய கிளப்பின் ஆட்டத்தை டிவியில் பார்த்தேன் என்றான். அவன் ஆடிய இடத்தில் பத்தொன்பது வயது மணிப்பூர்ப் பையன் ஒருவன் ஆடுகிறானாம். அபாரமான பையனாம்.

"ஆனா மாமா, எடது கால ஊனாமத் திரும்புறான். ரெண்டு மேட்சா பாக்கறேன். எனக்குத் தெரியும் அது."

பழைய ஆட்டக்காரர்கள் சிலரைப் பிடித்து அந்தப் பையனின் எண்ணை வாங்கியிருக்கிறான். அரைகுறை இந்தியில், ஊசியைப் போட்டுக்கொள்ளாதே, வெளியே போய் ஸ்கேன் எடு, அவர்கள் சொல்வதை நம்பாதே என்று சொல்லியிருக்கிறான். பையன் பாதியிலேயே ஃபோனை வைத்துவிட்டானாம். மறுநாளும் வைத்துவிட்டானாம். அதற்கு மறுநாள் எடுக்கவேயில்லையாம்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"எடுக்கற வரைக்கும் அடிப்பேன் மாமா" என்றான் சீலன். அவன் குரலில் அன்றுதான் நான் கோபத்தைக் கேட்டேன்.